கயிற்றுக் கட்டிலிலிருந்து இறங்கிய முனியம்மா

ஆத்தாளை நம்பியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரி. அப்பாவுக்கு முனிசிபாலிடியில் வேலை. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை என் கையில் ஒரு பிள்ளை சாகக் கிடந்தது. மாரியம்மன் அதை எப்படிக் காப்பாற்றினாள் என்பதை, என் வெட்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போது நான் பெங்களூரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் பயிற்சியில் இரண்டாம் வருடம். ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் வேலை பழகவேண்டும் என்று எங்களை அத்திபெலே பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒரு மாதம் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கல். ஆளுக்கொரு பிரசவப் பை. எனக்கோ தலைக்கனம். வகுப்பில் தோல் பொம்மையை வைத்துச் செய்து காட்டியபோது கைதட்டல் வாங்கியவள் நான். அந்தப் பொம்மையை மேஜையோடு சேர்த்து ஆணி அடித்திருப்பார்கள். எப்போதும் மல்லாந்தே கிடக்கும். பிரசவம் என்றால் அப்படித்தான் என்று என் புத்தியிலும் ஆணி அடித்தாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் டீச்சர் சிஸ்டர் மற்ற மாணவிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தார். முனியம்மா என்ற பெண்ணுக்கு வலி வந்துவிட்டது என்று அவள் நாத்தனார் ஓடி வந்தாள். நான் மட்டும் பையோடு போனேன்.

முனியம்மா தரையில் முட்டி போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டிலிருந்த கயிற்றுக் கட்டிலில் ரப்பர் ஷீட்டை விரித்து அவளை மல்லாக்கப் படுக்க வைத்தேன்.

"முடியலக்கா. கீழ எறக்கி வுடுக்கா," என்று அழுதாள்.

"ஆஸ்பத்திரில எல்லாரும் இப்டித்தாம்மா படுக்கறாங்க. சும்மா இரு," என்று அதட்டினேன். அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் என் நாக்கு கூசுகிறது.

நடுப்பகலில் தலை வந்தது. அதோடு சரி. தோள் வரவில்லை. கட்டில் கயிறு தொய்ந்து அவள் இடுப்பு குழிக்குள் இறங்கியிருந்தது. என் கை உள்ளே போக இடமில்லை. பிள்ளையின் முகம் நீலம் பாய ஆரம்பித்தது. முக்கச் சொன்னேன், முக்கினாள். இழுத்தேன், அசையவில்லை. புத்தகத்தில் படித்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"ஜீப்பு வருதா பாருங்க! ஓடிப் பாருங்க!" என்று கத்தினேன். நாத்தனார் வாசலுக்கும் கட்டிலுக்குமாக ஓடினாள். "தூசிகூட காணோம் நர்ஸம்மா."

அந்த நேரம் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். என் அம்மா எனக்காக வேண்டிக்கொண்டு வேப்பிலையோடு நின்றிருப்பாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே அழுதேன். "தாயே, ஜீப்பை அனுப்பு. என் படிப்பு போனாலும் போகட்டும். இந்தப் பிள்ளையைக் கொன்ற பாவம் எனக்கு வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தாயே, ஒன்றுமே தெரியவில்லை." சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்ட முனியம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "அண்ணி, என்னைப் புடி," என்று நாத்தனாரின் தோளைப் பற்றி, அந்த நிலையிலேயே புரண்டு தரைக்கு இறங்கினாள். கையும் முட்டியும் ஊன்றிக் குனிந்து நின்றாள். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் என்ன இருந்தது? பிள்ளையின் தலைக்குக் கை கொடுத்துப் பின்னால் மண்டியிட்டேன். அடுத்த வலியில், சிக்கிக்கிடந்த தோள் என் விரல்மேல் வழுக்கி இறங்கியது. பிள்ளை முழுதாக என் மடியில் விழுந்தது.

அழவில்லை. துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்தேன், சளியை உறிஞ்சி எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். தாயே, தாயே என்பதைத் தவிர வேறு மந்திரம் எனக்குத் தெரியாது. ஒரு விக்கல். பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம். பிறகு வீடே அதிரும்படி ஒரு அழுகை. பெண் குழந்தை. நானும் அதோடு சேர்ந்து அழுதேன்.

எல்லாம் முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் ஜீப் வந்தது. சிஸ்டர் குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கஷ்டமான கேஸ். யார் பாத்தது?" என்று கேட்டார். "முனியம்மா," என்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே கேட்டுட்டுச் செய்," என்று மட்டும் சொன்னார்.

இன்று நானே மாணவிகளைக் கிராமங்களுக்கு அழைத்துப் போகிறேன். பையைத் திறக்குமுன் அந்தத் தாயிடம், "எப்படி இருந்தா உனக்குச் சௌகரியம்?" என்று கேட்கவேண்டும். கேட்காதவளை நான் உள்ளே விடுவதில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆத்தாளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் ஜீப் வரும் என்று வாசலையே பார்த்துக் கும்பிட்டேன். நான் கும்பிட்ட தாயோ எனக்கு முன்னாலேயே, அந்தக் கட்டிலில் அதட்டு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.