காவலுக்கு நின்ற கெம்பி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பெயர் மறக்கிறது, எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்பதும் குழம்புகிறது. நான்கு பேர் நடுவில் பேசச் சொன்னால் இந்த வயதிலும் எனக்கு வாய் எழாது. காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இங்கே பெங்களூரில், ஈஜிபுராவில் பால் பாக்கெட் வாங்கப் போனபோது, மேம்பாலத் தூணுக்குக் கீழே ஒரு மாட்டைப் பார்த்தேன். கூட இருந்த மாடுகள் எல்லாம் காய்கறிக் கடைக்காரர் கொட்டிய முட்டைக்கோஸ் இலைக்கு ஓடிவிட்டன. இது மட்டும் போகவில்லை. தூணை ஒட்டி மூன்று கன்றுகள் படுத்திருந்தன. மூன்றும் ஒரே வயது, மூன்று நிறம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. மாடு அவற்றுக்கு முன்னால் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதும் மூக்கால் ஒரு ஊது ஊதியது. புளித்த புல் வாடை முகத்தில் அடித்தது. பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கெம்பியும் இப்படித்தான் ஊதும். கன்னடத்தில் கெம்பி என்றால் சிவப்பி. பக்கத்து வீட்டு முனிரத்னம்மாவின் கிழட்டு மாடு. கறவை நின்று பல வருடம் ஆகியிருந்தது. அப்போது நான் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுக்காரருக்கு ஆடுகோடியில் லேத்துப் பட்டறை வேலை. எங்களுக்கு இருந்தது வெள்ளச்சி என்ற ஒரு மாடும் அதன் கன்றும். எங்கள் தெருவுக்குப் பின்னால், இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள், வற்றிப்போன ஏரி ஒன்று இருந்தது. தரை முழுக்கப் புல். ஒரு ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கோரை. நான்கைந்து வீட்டு மாடுகளை ஒன்றாக அங்கே ஓட்டிப் போவோம். நாங்கள் மேய்ப்பதாகப் பெயர். பெண்கள் எல்லாம் உட்கார்ந்து வரட்டிக்குச் சாணி பிசைந்துகொண்டு ஊர்க்கதை பேசுவோம். அவர்கள் பேசுவார்கள், நான் பிசைவேன்.

கன்றுகளைப் பார்த்துக்கொண்டது மாடுகள்தான். எல்லாக் கன்றுகளையும் ஒரே இடத்தில் படுக்க வைத்துவிட்டுத் தாய்கள் மேயப் போகும். ஒன்று மட்டும் காவலுக்கு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று வந்து நின்றால் முதலாவது மேயப் போகும். ஆனால் கெம்பியின் முறை மட்டும் முடியவே முடியாது. அதுவாக விரும்பி நிற்கும். யார் கன்றாக இருந்தாலும் நக்கும். பசு கண்டுகொள்ளாமல் இருந்தால் அடுத்த வீட்டுக் கன்றும் வந்து பால் குடிக்கும். அதில் ஒரு சூது பாருங்கள். சொந்தக் கன்று பக்கவாட்டில் நின்று குடிக்கும். பசு அதை மோந்து பார்க்கும். திருட்டுக் கன்று பின்னங்கால் இடுக்கில் தலையை விட்டுக் குடிக்கும், பசுவின் மூக்கு எட்டாது. எங்கள் கன்று இதில் கைதேர்ந்தது.

முனிரத்னம்மாவின் கறவை மாடு கௌரிக்குப் பால் குறைந்தது. அவர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"ஏம்மா, உன் கன்னு என் கௌரிகிட்ட குட்ச்சா, சாயங்காலம் நான் யாரைக் கறக்கிறது? உன்னையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அன்று முதல் கன்றுகளை ஏரியின் ஓரத்தில் முளை அடித்துக் கட்டிப்போடுவது என்று முடிவானது. அங்கேதான் கோரையின் நிழல் விழும். அவரவர் கன்றை அவரவர் கட்ட வேண்டும். கெம்பிக்கு இது பிடிக்கவில்லை. கயிற்றோடு யார் கிட்டே வந்தாலும் முட்ட வந்தது. முனிரத்னம்மாவையே இடுப்பில் ஒரு இடி இடித்துவிட்டது.

"கெழவிக்குத் திமிரு நோடு, திமிரப் பாரு," என்று அவர் கெம்பியை வீட்டிலேயே கட்டிவைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாடுகள் மத்தியானத்தில் படுத்து அசைபோடுவதை நிறுத்தின. எல்லாம் நின்றுகொண்டே இருந்தன, தலை எல்லாம் கோரைப் பக்கமே பார்த்து. கோரையை ஒட்டிய புல்லை எதுவும் தொடவில்லை. அங்கே மட்டும் புல் முழங்கால் வரை வளர்ந்து நின்றது. சாணி பொறுக்கப் போன நான் அங்கே ஈரமண்ணில் நாய்க்கால் தடங்களைப் பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை. மண் முழுக்கத் தடம். கோரைக்கு அந்தப் பக்கம் யாரோ இறைச்சிக் கழிவைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். காற்று திரும்பினால் வாடை வரும். வாடை வந்தால் மாடுகளின் காது நிமிரும்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "அக்கா, கன்னுங்கள அங்க கட்ட வேணாம்..."

"ஏன், அவுத்து வுட்டா உன் மக வந்து கௌரிகிட்ட விருந்து சாப்பிடவா?"

மறுபடியும் சிரிப்பு. நான் குனிந்து சாணியைப் பிசைய ஆரம்பித்தேன். தடத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் என் கன்றை மட்டும் உருவு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இழுத்தால் அவிழும் முடிச்சு. மற்றவர்கள் இறுக்கிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முனிரத்னம்மாவுடைய கௌரியின் கன்று கடைசி முளையில், கோரைக்குக் கிட்டே இருந்தது.

உச்சி வெயிலில் மாடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடின. அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. நாங்கள் கம்போடு ஓடிப்போவதற்குள் அவை கன்றுகளைச் சுற்றி வளையமாக நின்றுவிட்டன, கொம்புகள் வெளியே, கன்றுகள் உள்ளே. என் கன்று முடிச்சை உருவிக்கொண்டு வெள்ளச்சியின் வயிற்றுக்குக் கீழே நுழைந்துவிட்டது. கடைசி முளைவரை வளையம் எட்டவில்லை. அந்தக் கன்று முளையைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் கயிறும் சுற்றிச் சுற்றிக் குறைந்துகொண்டே வந்தது. கௌரி மட்டும் தனியாகப் போய் நாய்களை முட்டிக்கொண்டிருந்தது.

கடிபட்ட கன்று சாயங்காலம்வரை உயிரோடு இருந்தது. முனிரத்னம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "உன் கன்னு கெட்டிக்காரி. அதுவா அவுத்துகினு ஓடிட்ச்சு."

"ஆமாக்கா," என்றேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் சுவருக்குச் சுவர் இருந்தோம். என் பிரசவத்துக்கு ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அவர்தான். அப்போதும் தடத்தைப் பற்றியோ முடிச்சைப் பற்றியோ நான் சொல்லவில்லை. இப்போது ஏரி இல்லை. அங்கே அடுக்குமாடி வந்து, வாசலில் செக்யூரிட்டி நிற்கிறார். மாடுகளை ஒவ்வொன்றாக விற்றாயிற்று. கெம்பி எப்படிப் போனது என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. முனிரத்னம்மாவும் போய்விட்டார். இனி யாரிடம் சொல்ல?

அவர் மகள் தொம்மலூரில் இருப்பதாகக் கேள்வி. அன்று அவளும் ஏரிக்கு வந்திருந்தாள். யாராவது அவளைப் பார்த்தால் நான் எழுதியதைப் படித்துக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முளை நான்கா ஐந்தா, கெம்பியைக் கட்டிவைத்தது எத்தனை நாள், எல்லாம் கேளுங்கள். இடுப்பில் இடி வாங்கிய அவள் அம்மாவால் அன்று குனிய முடிந்ததா, அந்தக் கடைசி முளையில் கன்றைக் கட்டியது அவர்தானா, இல்லை என்னைக் கட்டச் சொன்னாரா என்பதையும் கேளுங்கள். அவர்தான் கட்டினார் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.