மூட்டையில் பிழையில்லை

துறைமுகத்துச் சுடுதிடலுக்கு மணல்மூட்டை தைத்துக் கொடுத்தவள் நான். குறி தப்பும் கைத்துவக்குகளை மூட்டைமேல் ஊன்றிச் சுட்டு, பிழை துவக்கிலா கையிலா என்று சொல்ல அங்கே ஒரு மீசைக்காரர் இருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் முன் மீசையை முறுக்குவார்.

ஒருநாள் புது மூட்டை கொண்டுபோனேன். அவர் சுட்டதெல்லாம் குறிக்குக் கீழே போனது.

"உன்ர மூட்டை துவக்குப் பாரத்துக்கு அமருது. இனி உனக்குத் தையல் இல்லை," என்றார், எல்லாருக்கும் முன்னால்.

எனக்குக் கொதித்தது. மீசையை முறுக்கி அடுத்ததைச் சுட்டார். ரவை வெடிக்கவில்லை, ஆனாலும் துவக்கின் முனை கீழே குத்தியது.

"ஐயா, வெடியாத துவக்கு ஏன் குனிஞ்சது? சத்தத்துக்குப் பயந்து நீங்கள்தான் கையை அமத்திறீங்கள். என்ர தையலில பிழை சொல்ல ஏலாது."

அவர் துவக்கைக் கீழே வைத்தார். தையல் எனக்கே வந்தது. பிறகு அவர் மாற்றலாகிப் போகையில் அந்த மூட்டையையும் கொண்டுபோனாராம். பிழை தன் கையில் என்று ஒரு சொல் சொல்லாத மனிசனுக்கு என் மூட்டை எதற்கு?