கண்ணாடி எறக்குன ஏழுமலை அண்ணாத்த

ஏழுமலை அண்ணாத்த போய்ட்டாராம்.

காலைல வெள்ளரிக்கா நறுக்கிகினு இருந்தேன், அவரு பையன் போன் பண்ணான். மாரடைப்பாம். கத்திய கீழ வெச்சேன்... அப்றம் இன்னா பண்றதுனு தெரில, மறுபடி எடுத்து நறுக்குனேன்.

யாரு ஏழுமலைனு கேப்பீங்க. நம்ம பழைய எம்.பி. சாருக்கு கார் ஓட்டுனவரு. ஆவடிய தாண்டி எங்க ரயில்வே கேட்டுல பழக்கம். கேட்டு போட்டா வண்டிங்க நிக்கும், நான் கண்ணாடிய தட்டி வெள்ளரிக்கா, மாங்கா விப்பேன். அதான் என் பொழப்பு.

கொடி கட்ன அந்த கார் அடிக்கடி வந்து கேட்டுல மாட்டும். அந்தாண்ட மேம்பாலம் கீது, ஏறுனா சல்லுனு போய்டலாம். நான் சும்மா இருப்பனா? "இன்னா அண்ணாத்தே, சார டில்லிக்கு ஏத்தி உடத் தெரியுது, ஆவடிக்கு வழி தெர்லயா?"

சிரிக்கவே மாட்டாரு. "உப்பு போடாம ஒண்ணு குடு." பிபி அவருக்கு.

"உப்பு இல்லாத வெள்ளரிக்கா மாடுதான் துன்னும்."

"சரி, மாட்டுக்கு ஒண்ணு குடு."

ஒருநாள் பிளாட்ல இருக்க ஒருத்தரு கார் பக்கத்துல வந்து நின்னாரு. பேசணும், ஆனா கூச்சம். உள்ள சார் போன்ல இருந்தாரு. பாத்தா... சார் பக்கத்து கண்ணாடி தானா எறங்குது.

சார் எறக்கல. நம்ம ஆளு முன்னாடி ஒக்காந்துகினு பட்டன அமுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாரி தண்டவாளத்த பாத்துகினு கீறாரு.

"ஏம்ப்பா ஏழுமலை, கண்ணாடி ரிப்பேரா?"

"ஆமா சார். ஷெட்ல காட்டணும்."

எதுக்க ஒரு ஆளு நிக்கும்போது சார் இன்னா பண்ணுவாரு? போன வெச்சிட்டு "சொல்லுங்க"ன்னாரு. தெருவுல சாக்கடத் தண்ணி நிக்கிதுன்னாரு அவரு. ரயில் போற வரைக்கும் பேசுனாங்க.

அஞ்சு வருஷமும் அந்த கண்ணாடி ரிப்பேராவே கெடந்துச்சு. சாருக்கும் தெரியும்னுதான் நெனைக்கிறேன்...

ஏன் இப்டினு அண்ணாத்தய கேட்டேன். "ஆபீஸ் வாசல் வரைக்கும் வர்றீங்க, உள்ள வர பயந்துகினு திரும்பிப் போறீங்க. அதான் ஆபீஸ இங்க இட்டாறேன்"ன்னாரு.

அப்பதான் எங்க செல்வி போனா. பூ விக்கிறவ, என் பக்கத்துல ஒக்கார்றவ. கேட்டுக்கு கீழ பூந்தா, ஒரு ரயில் போச்சுனு பாத்தா, இன்னொன்ன பாக்கல. கூடை மட்டும் இந்தாண்ட வந்து விழுந்துச்சு.

அடுத்த தபா கார் வந்தப்ப நான் கண்ணாடிய தட்டவே இல்ல. சும்மா நின்னேன். அதுவா எறங்குச்சு.

"சொல்லுங்கம்மா."

எங்கேந்து தெகிரியம் வந்துச்சோ. "சார், இந்த கேட்டு வாணாம் சார். சுரங்கப்பாதை போட்டுக் குடுங்க"ன்னேன். சார் கார உட்டு எறங்கி, வெயில்ல தண்டவாளத்தாண்ட போய் ரொம்ப நேரம் நின்னாரு.

ஏழுமலை அண்ணாத்த என்னையே பாத்துகினு இருந்தாரு. "கன்னிம்மா... சுரங்கம் வந்தா ஒரு வண்டி நிக்காது. உன் வெள்ளரிக்கா யாரு வாங்குவா?"

"நீ வாங்கு."

"சரி"ன்னாரு. அவ்ளோதான்.

அப்றம் ரயில்வே ஆபீசருங்கள சார் இட்டாந்தாரு, அளந்தாங்க, போனாங்க. ஒண்ணும் நடக்கல. மறுபடி இட்டாந்தாரு. ஒருநாள் ஏழுமலை அண்ணாத்த கேட்டுல கார நிறுத்திட்டு ஓடியாராரு, கைல போனு. சார் பார்லிமெண்டுல பேசுறாரு! எல்லாம் இங்கிலீஷு.

"இன்னா சொல்றாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? இரு, இப்ப நம்ம கேட்டு பேரு வரும் பாரு... வந்துச்சா?"

வந்துச்சு. திரும்பத் திரும்ப போட்டுக் கேட்டோம். கேட்டு தொறந்து, பின்னாடி அம்புட்டு வண்டியும் ஹாரன் அடிக்கிது, ரெண்டு பேரும் நவுரல.

சுரங்கம் வந்துச்சு. கேட்ட மூடி செவுரு எழுப்பிட்டாங்க. யாரும் இப்ப குனிஞ்சி பூர்றது இல்ல, புள்ளத்தாச்சிய ஏத்துன ஆட்டோ கேட்டுல மாட்டி நிக்கிறது இல்ல. சந்தோசம்தான்.

என் பொழப்பு படுத்துச்சு. எடத்த மாத்துனு எல்லாரும் சொன்னாங்க. மத்தியானத்துக்கு மேல ஸ்டேஷனாண்ட போய் விப்பேன். காலைல மட்டும் செவுத்தோரமே ஒக்காருவேன்.

ஏன்னா கார் வரும். அதுக்கு மேல போக வழியே இல்ல, முட்டு ரோடு. ஆனா வரும். பின்னாடி சார், "ஏம்ப்பா இந்தப் பக்கம்?"னு கேப்பாரு. "ட்ராபிக் சார்." ஒரு ஈ காக்கா இல்லாத ரோட்டுல நின்னுகினு சொல்லுவாரு... நான் சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துரும்.

சார் பதவி முடிஞ்சப்றமும் அண்ணாத்த வந்தாரு. வேற யாரு காரோ. உப்பு போடாம ஒண்ணு.

தீபாவளிக்கு முன்னாடி வந்ததுதான். அப்றம் வரல. ஏதோ தூர சவாரினு நெனச்சிகினேன். தெனம் ஒண்ணு உப்பு போடாம தனியா எடுத்து வெப்பேன், பத்து மணிக்கு மேல நானே துன்னுருவேன்.

இதுகூட அவரு போட்டோ ஒண்ணு போடும்மான்னா என் பொண்ணு. அவரு கூட ஒரு போட்டோ இல்ல எங்கிட்ட.

திருமுல்லைவாயில் ஊட்டுக்குப் போய் பாத்துட்டு இப்பதான் வந்தேன். ஐஸ் பொட்டில வெச்சிருக்காங்க. பழைய எம்.பி. சாரும் வந்து ஓரமா நின்னுகினு இருந்தாரு.

பழக்க தோசம்... பொட்டி பக்கத்துல போய் சும்மா நின்னேன் அண்ணாத்தே.

கண்ணாடி எறங்கல.

போய்ட்டு வா.