கோபாலன் கொண்டுபோன ரோமாபுரி

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது ஒரு தொழில், இன்ஸ்பெக்டருக்குப் பாடம் நடத்துவது வேறு தொழில் என்று வாத்தியார் வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆளுக்கொரு பதில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நான் அங்கே நாலாம் வகுப்பு டீச்சர். அந்த வருஷ இன்ஸ்பெக்ஷனில் தேறாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள், என் வேலையும் போய்விடும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே என் சம்பளத்தில்தான். வரப்போகிற இன்ஸ்பெக்டருக்கு ரோமாபுரிக் கதை என்றால் உயிர் என்று பக்கத்துப் பள்ளி டீச்சர் காதில் போட்டாள்.

நீங்களெல்லாம் செய்வதைத்தான் நானும் செய்தேன். இருபத்திரண்டு கேள்வி, இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு பதில். நகரத்தைக் கட்டியவன் பெயர் கோபாலனுக்கு, ஆற்றின் பெயர் ராயப்பேட்டை காதருக்கு. அந்த நகரத்தைக் கட்டிய ரோமுலஸுக்குக் குழந்தையில் ஓநாய் பால் கொடுத்ததை உருகி உருகிச் சொல்லி முடித்தேன். காதர் எழுந்து கேட்டான்: "ஓநாய் சும்மா நின்னுச்சா டீச்சர்? எங்க ஊட்டு ஆடே உதைக்குது."

டி.சி. வாங்க வந்தவர்

யுத்தத்தில் ரங்கூன் விழுந்தது. ஜப்பான்காரன் அடுத்தது மெட்ராஸ்தான் என்றார்கள். குண்டுக்குப் பயந்து ஜனங்கள் ஊரைக் காலி பண்ண, வகுப்பில் தினம் ஒன்றிரண்டு இடம் காலியாயிற்று. கோபாலனின் அப்பா டி.சி. கேட்டு வந்து நின்றபோது, இன்ஸ்பெக்ஷன் முடியும் வரையாவது பையனை விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்கிறபோதே வெட்கமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "ஆத்துல எல்லாரும் மூட்டை கட்டிண்டு உக்காந்திருக்கா. உசிரோட இருந்தா ரோமாபுரியை அப்பறமா படிச்சுக்கலாம், டீச்சர்."

தலைமையாசிரியர் தந்த தைரியம்

ஒன்பது பேர் மிஞ்சினார்கள். போனவர்களின் பதில்களை இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். இன்ஸ்பெக்ஷனே நடக்காது என்று அடித்துச் சொன்னார். எனக்கும் அலுப்பு, பயம் வேறு. சரி என்று விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். மறுவாரம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. இறங்கினவரைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஊரே ஓடறது, இந்த மனுஷன் மட்டும் எதிர்ல வரானே."

கேள்வி நேரம்

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ரோமாபுரியைக் கட்டியது யார்? ஸ்டெல்லா எழுந்தாள். சாந்தோம் மாதா கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள். பங்கு ஜனங்களை விட்டு அவள் அப்பா நகர மாட்டார் என்பதால் அவளும் ஊரில் இருந்தாள்.

"அது கோபாலனோட பதில் சார். அவன் கும்பகோணம் போயிட்டான்."

எந்த ஆற்றங்கரையில் என்று கேட்டார். "அது காதரோடது சார். அவங்க ஆற்காட்டுக்குப் போயிட்டாங்க."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவர் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப ரோமாபுரியும் ஊரைக் காலி பண்ணிடுச்சுன்னு எழுதிக்கட்டுமா, அம்மா?"

கடைசி நாள்

உத்தரவு பத்து நாளில் வந்தது. நாலாம் வகுப்பு மூடல். ஒன்பது பிள்ளைகளும் வேறு பள்ளிக்கு, நான் வீட்டுக்கு. யார்மேலும் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பீரோவைப் பூட்டும்போது ஸ்டெல்லா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மலைத் தண்ணீரை ரோமர்கள் எப்படி ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்பது அவள் பங்குக்கு வந்த கேள்வி. ஆறு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"என்னோடத அவரு கேக்கவேயில்ல டீச்சர். நீங்களாவது கேளுங்க."

கேட்டேன், கையைக் கட்டிக்கொண்டு ஒரு பிழையில்லாமல் சொன்னாள். நான் கட்டிய ரோமாபுரியில் கடைசிவரை இடியாமல் நின்றது அந்த ஒரு பதில்தான்.