வாலில் ஒட்டிய ஈயம்

ஸ்ஃபாக்ஸ் நகரத்து டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு மொன்ஸிஃபைத் தெரிந்திருக்கும். குறுக்கே வருகிற ஸ்கூட்டர்காரர்களை எல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டுவார். நிறுத்தம் தாண்டி ஓடிவருபவர்களுக்காக, அவர்களையும் திட்டிக்கொண்டே, காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். கோடையில் காய்ந்து தட்டையாகிவிடும் உப்புத்தரையில் ரிமோட் விமானம் பறக்கவிடுவார். அங்கே பறக்கவிடுகிறவர்கள் சங்கத்தைத் தொடங்கியவரே அவர்தான்.

போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் திரும்பிவிட்டன. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பஸ் போயிற்று. "விமானத்தையும் விட்டேன்னா என்னை டிவி முன்னால உட்கார வச்சு துணி போட்டு மூடிருவாங்க" என்று ஒருமுறை சொன்னார்.

நான் பக்கத்து வீடு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் தெருவில் எந்த ஒயர் அறுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கா படித்தேன் என்று தோன்றும். போகாமலும் இருக்க முடியாது.

"வஜ்தி, இந்த ரிமோட்டை என் இடது கைக்கு மாத்திக் குடுடா. வலதுக்கு ரிட்டயர் ஆனவன் வேலையாப் பார்த்துக் குடு" என்றார் மொன்ஸிஃப்.

எங்கள் ஊர்ப் பழக்கத்தில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது வலது குச்சி. அதை இடதுக்கு மாற்றினேன். மூக்கை ஏற்றி இறக்குவது முன்பே இடதில்தான். வலதுக்கு மோட்டார் வேகமும் வால் திருப்புவதும் மட்டும் மிஞ்சின. எனக்கு அது மெனுவில் சின்ன மாற்றம். அவரோ என் கம்ப்யூட்டரில் பயிற்சி விமானத்தை வசந்தம் முழுக்க நொறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் நொறுக்குவது நின்றது. புது விமானம் ஒன்றும் கட்டினார்.

அதை முதன்முதலில் பறக்கவிட உப்புத்தரைக்குக் கொண்டுபோன அன்று மருந்துக்கடை ஜலீலா வந்திருந்தார். அவரும் பறக்கவிடுகிறவர்தான், சங்கத்தில் மொன்ஸிஃபை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள்.

"என்னண்ணே, மூக்கு சரியா நிக்குதா?"

"நேத்தே பார்த்துட்டேன். மூக்கு கனமா இருந்துச்சு. வால்ல ஈயம் ஒட்டிட்டேன்."

"நீங்க பார்த்தது சரி. நான் பார்க்கணுமே. கட்டினவன் விரல்ல நின்னா போதாது, இன்னொருத்தர் விரல்லயும் நிக்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

"எனக்கே சட்டமா?"

"சட்டம் போட்டவருக்கு சலுகையா?"

மொன்ஸிஃப் சிரித்துக்கொண்டே விமானத்தைக் கொடுத்தார். இறக்கைகளுக்கு அடியில், இரண்டு பக்கமும், முன்பின் எடை சமமாகிற இடத்தில் டேப்பை மடித்துச் சிறு மேடாக ஒட்டியிருந்தார். விரல் நுனி அதைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். ஜலீலா தாங்கினார். வால் தொப்பென்று கீழே போய், மூக்கு வானத்தைப் பார்த்தது.

இப்படிக் கிளம்பினால் மேலே ஏறிய வேகத்தில் புரண்டு விழும். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"உன் நகச்சாயம் கனம்" என்றார் மொன்ஸிஃப். யாரும் சிரிக்கவில்லை. வாங்கித் தன் விரல்களில் வைத்தார். மட்டமாக நின்றது.

விமானத்தைக் கீழே இறக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வஜ்தி, குனிஞ்சு பாரு. என் வலது விரல் எங்க இருக்கு?"

குனிந்தேன். இடது விரல் டேப்பின் மேல். வலது விரல் அதைத் தாண்டி வெகுதூரம் பின்னால் நழுவியிருந்தது. பொய் ஒன்று நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் விமானம் போகும். உண்மையைச் சொன்னால் எது போகும் என்று தெரியவில்லை.

"பின்னால இருக்கு மாமா. நிறையவே."

"அதுக்கு மேடு தெரியல" என்றார் மெல்ல. "இருக்கிற இடத்தையே சரின்னு நினைச்சிருக்கு."

விமானத்தைத் தரையில் வைத்தார். சாவியால் நெம்பி ஈயத்தைப் பெயர்த்தார். "ஜலீலா, வலது பக்கம் நீ பிடி." இடது பக்கத்தை அவர் தாங்கினார். இருவர் விரல்களில் அது மட்டமாக நின்றது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவர் விடவில்லை. மோட்டார் குச்சியைத் தள்ளவேண்டிய தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பயிற்சி ஒயரைக் கொண்டா."

புதிதாக வருபவர்களின் ரிமோட்டைத் தேர்ந்தவர் ரிமோட்டோடு இணைக்கும் ஒயர் அது. தேர்ந்தவர் ஒரு பொத்தானை அமுக்கினால் விமானம் அவர் கைக்கு வந்துவிடும். அந்த ஒயரில் புதியவர் முனையில் மொன்ஸிஃப் நின்று நாங்கள் பார்த்ததில்லை. ஜலீலா மறுமுனையைத் தன் ரிமோட்டில் மாட்டினார்.

விமானம் ஏறியது. கடல் பக்கம் வட்டமடித்தது. ஒரு திருப்பத்தில் வலது விரல் வழுக்கி மோட்டார் சத்தம் தணிய, விமானம் தொய்ந்தது. ஜலீலா அமுக்கினார்.

"கண்ணு எங்க இருக்கு? முன்னால பார்த்து ஓட்டு!" என்று கத்தினார் மொன்ஸிஃப். பஸ்ஸில் கேட்ட அதே குரல்.

"ஓட்டுறது நான்தான்ணே. ஸ்டியரிங் வேணுமா?"

"குடு."

கொடுத்தார். இறக்கியது மொன்ஸிஃப்தான். உப்பில் இரண்டு தரம் துள்ளி நின்றது.

காரில் வரும்போது, அடுத்த விமானத்துக்கு வலது இறக்கையில் மட்டும் டேப்புக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை ஒட்டப்போவதாகச் சொன்னார்.

"அதுவும் விரலுக்குத் தெரியலைன்னா?" என்றேன்.

"பேரீச்சங்கொட்டை."