பின்னேரத்தில் திறக்கும் சில்லு

பெற்றோலுக்கு வரிசையில் நின்று ஊரே களைத்துப்போன வருஷத்தில்தான் அந்தச் சைக்கிள் என் கைக்கு வந்தது. வேலை ஓர்ஸ் ஹில் என்கிற மேட்டுப் பகுதியில். உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அன்ரியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வளவுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். அன்ரியின் மகள் கனடாவில். புருஷன் துறைமுகத்தில் வேலை செய்தவர். நான் குடிவருவதற்கு முந்தின வருஷம், காலையில் வேலைக்குப் போனவர் இறங்குதுறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாராம். பிறகு எழும்பவில்லை. அவருடைய சைக்கிள் அன்றிலிருந்து விறாந்தைச் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. பஸ் ஓடாத நாட்களில் நான் நடந்து போவதைப் பார்த்த அன்ரி, சும்மா நிற்கிறது, நீங்களே எடுங்கோ என்றார்.

ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கின பழைய ரேஸிங் சைக்கிள். முன்சில்லுக்கு வழக்கமான நட் இல்லை. சில்லின் நடுவே குழாய் போன்ற அச்சு. அதற்குள்ளால் ஒரு மெல்லிய கம்பி போகும். கம்பியின் ஒரு நுனியில் திருகுகிற சின்னச் சுரை, மற்ற நுனியில் விரல் நீளத்தில் ஒரு பிடி. பிடியை மடக்கினால் கம்பி இழுபட்டுச் சில்லு இறுகும். நிமிர்த்தினால் சில்லு கையோடு வந்துவிடும். குயிக் ரிலீஸ் என்பார்கள். எனக்கு அது புதிசு. இரண்டு மூன்று தரம் மடக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு, சரி என்று ஓட்டத் தொடங்கினேன்.

முதல் கிழமைக்குள் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிடும்போது பார்த்தேன்: பிடி நிமிர்ந்து நின்றது. நான்தான் மறந்திருக்கிறேன் என்று நினைத்து மடக்கினேன். அடுத்த நாளும் அதே மாதிரி. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில கிழமைகளில் எல்லா நாளும். எப்போதும் நேரே வீட்டுப் பக்கம் பார்த்தபடி, யாரோ ஒரு விரலால் உள்ளே வரச் சொல்லிக் காட்டுகிற மாதிரி நிற்கும்.

எங்கள் தெருவில் மான்கள் வருவது வழக்கம். கேற் திறந்திருந்தால் உள்ளே வந்து பூச்சாடிகளை மேய்ந்துவிட்டுப் போகும். மானின் மூக்குப் பட்டிருக்கலாம் என்றும் யோசித்தேன். ஆனால் இரவில் கேற்றைப் பூட்டுவது நான். அதன் சாவி என் மேசையில் கிடக்கும். ஒரு காலை கேற்றுக்கு வெளியே மூன்று மான்கள் அசையாமல் நின்று, என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் விறாந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று சைக்கிளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. நடந்தே போனேன்.

அன்ரியிடம் கேட்டேன். அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது அப்பிடித்தான் பிள்ளை. அவர் வச்சிருக்கேக்கையும் பின்னேரத்தில திறந்துதான் கிடக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், பதில் தெரிந்துவிடும் என்ற பயம். அதற்குப் பதிலாகப் பிடியை இறுக்கத் தொடங்கினேன். சுரையைக் குறட்டால் திருகினேன். கையால் மடங்காதபோது செருப்புக்காலால் மிதித்து மடக்கினேன். அடுத்த காலை அது திறந்திருக்கும். நான் இன்னும் ஒரு சுற்றுத் திருகுவேன். யாருடனோ கைபிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. மற்றக் கையும் விடுவதாக இல்லை.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் றோட்டில்தான் அந்தக் கம்பி முறிந்தது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு சின்னப் பள்ளத்தில் முன்பக்கம் துள்ளியது. "டிக்" என்று ஒரு சத்தம், விரல் சொடுக்கின மாதிரி. அடுத்த கணம் நான் தார் றோட்டில் கிடந்தேன். மணிக்கட்டு எரிந்தது, முகத்தில் நாடியடியில் இரத்தம். தலையைத் தூக்கியபோது முன்சில்லு தனியே போய்க்கொண்டிருந்தது. விழாமல், நிமிர்ந்தபடி, யாரோ ஓட்டிக்கொண்டு போவதுபோல அவசரமில்லாமல் உருண்டது. வளைவு வந்த இடத்தில் அதுவும் வளைந்து, கண்ணுக்கு மறைந்தது. என்னைத் தூக்கிவிட்ட ஆட்டோக்காரர் போய்த் தேடி எடுத்து வந்தார். துறைமுகக் கேற்றடியில் படுத்துக் கிடந்ததாம். றோட்டு அந்தப் பக்கம் சரிவு, அதனால் போயிருக்கும் என்றார். நானும் ஓம் என்றேன்.

மணிக்கட்டில் முறிவில்லை, பிசகல்தான். கட்டுப் போட்டு லீவு தந்தார்கள். சைக்கிளை ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் சிவப்பு நிறத்தில் மினுங்குகிற ஒரு புதுக் கம்பியைப் போட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். முறிந்த கம்பியை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். என் அலுவலகத்தில் மூதூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். லீவு நாட்களில் சைக்கிளில் நிலாவெளி வரை போய்வருகிற ஆள். எல்லோரும் அண்ணன் என்ற கணக்கில் நானா என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்க்க மனைவியோடு வந்தவர் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

முறிந்த முகத்தில் பாதி கபில நிறம், பாதி வெள்ளி மாதிரிப் பளிச்சென்று இருந்தது. கபிலமான பாதி முன்னமே வெடித்து, உப்புக்காற்றுப் பட்டுக் கறள் பிடித்தது, மற்றப் பாதிதான் அன்றைக்கு அறுந்தது என்றார். சுரை ஏறுகிற புரியடியில்தான் கம்பி எப்போதும் மெலிவு. அளவுக்கு மீறி இறுக்கினால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பிறகு ஒவ்வொரு தரம் மடக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இப்போதைய சைக்கிள்களில் சில்லைப் பிடிக்கிற கவரின் நுனியில் சின்ன உதடு வைத்திருப்பார்கள், கம்பி போனாலும் சில்லு உடனே கழன்று விழாது; இந்தப் பழசில் அது இல்லை.

"ஆர் இத இவ்வளவுக்கு இறுக்கின, தங்கச்சி?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

கடைக்காரர் போட்ட சிவப்புக் கம்பியையும் போய்ப் பார்த்தார். அது அலுமினியம், அழகுக்குத்தான், கடற்கரைக்கு ஆகாது, பிடிக்குக் கீழே பிளாஸ்ரிக் வேறு என்று தலையை ஆட்டினார். நல்லது ஒன்று எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம், கட்டுப் போட்ட கையோடு என் அறையில் கிடந்தேன். வெயில் இன்னும் இருந்தது. துறைமுகத்தில் வேலை முடிகிற நேரம். என் ஜன்னல் விறாந்தைப் பக்கம். அன்ரி முகம் கழுவி, தலை வாரி, வெளியே வந்தார். கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாருக்கோ வழி விடுகிற மாதிரி ஒரு அடி ஒதுங்கினார். சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, பிடியை நிமிர்த்தினார். சுரையை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். சேலைத் தலைப்பால் அச்சைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, யாரோ அவசரப்படுத்துகிற மாதிரி, "பொறுங்கோ, தாறன்" என்றார்.

பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். விறாந்தையில் ஒன்றும் அசையவில்லை. சில்லு அங்கேயே நின்றது. கன நேரத்துக்குப் பிறகு எழும்பி உள்ளே போனார்.

நான் குசினிக்குப் போனேன். அன்ரி கதிரையில் இருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒளிக்கவில்லை. முந்தி ஒரு தரம் முன்சில்லை யாரோ களவெடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து புருஷன் வேலையால் வந்ததும் அன்ரி பிடியைத் திறந்து கொடுப்பாராம், அவர் சில்லைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய் வைப்பாராம். அது எத்தனையோ வருஷத்துப் பழக்கம்.

"அண்டைக்கு ஆரோ சைக்கிளைக் கொண்டு வந்து சில்லோட சாத்திப்போட்டுப் போனவை" என்றார். "சில்லு சைக்கிளில நிண்டா அவர் இன்னும் வீட்டை வரேல்ல எண்டுதானே, பிள்ளை."

நீங்களே கழற்றி உள்ளே வைக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை விளங்காத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது அவற்ற வேலை."

நானா இரண்டு கம்பிகள் கொண்டு வந்தார். இரண்டும் உருக்கு. ஒன்றில் வழக்கமான பிடி இருந்தது. இறுக்குகிற பாகம் வெளியே தெரியாமல் தலைக்குள் மூடியிருந்ததால் உப்பும் மண்ணும் போகாது, பிடிப்பும் நம்பிக்கை என்றார். மற்றதற்குப் பிடியே இல்லை. ஆறு மூலைச் சாவி போட்டுத்தான் திருக வேண்டும். எதை எடுத்தாலும் முன்சில்லுக்கான நீளம்தானா, சுரை முழுக்கப் புரியில் ஏறுகிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் யோசிக்கவில்லை. சாவி போடுகிறதை எடுத்தேன். பொருத்திவிட்டுச் சாவியை என் அலுமாரிக்குள் வைத்தேன்.

அன்று பின்னேரம் ஜன்னலால் பார்த்தேன். அன்ரி குந்தினார். பிடி இருந்த இடத்தை விரல்கள் தேடின. மேலே, கீழே, மற்றப் பக்கம். கண் தெரியாத ஆள் கதவைத் தடவுகிற மாதிரி. என்னைக் கூப்பிடவுமில்லை, கேட்கவுமில்லை. இருட்டுகிற வரைக்கும் அப்படியே நிலத்தில் இருந்தார். அடுத்த நாள் சமைக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் நான் பாண் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. அவரைத் தவிரக் கேற்றடியில் இன்னொருவரும் காத்து நிற்கிறார், அவருக்கும் பசிக்கிறது என்கிற எண்ணம் எப்படியோ எனக்குள் வந்துவிட்டது. அதை உதற முடியவில்லை.

நானாவிடம் போய்ப் பிடி வைத்ததையே தரச் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. பூட்டுகிற விதத்தை மட்டும் காட்டித் தந்தார். பிடி பாதி மடங்கும்போது இறுக்கம் தொடங்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி மூட, கையில் அதன் தடம் விழ வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். "ஏற முதல் ஒவ்வொரு நாளும் பாருங்க" என்றார்.

அதன் பிறகு பின்னேரங்களில் நான் வந்து இறங்க, அன்ரி பிடியைத் திறந்து தருவார். நான் சில்லைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய்ச் சாத்துவேன். அவர் எனக்கு நன்றி சொன்னதில்லை. நான் சில்லோடு போகும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் தோளுக்கு மேலே, கொஞ்சம் உயரமான ஒருவரைப் பார்த்துச் சிரிப்பார். நான் திரும்பிப் பார்க்காமல் பழகிக்கொண்டேன். சாப்பாடு பழையபடி நடந்தது. கம்பிக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இப்படி ஒரு மழைக்காலமும் போனது. ஒரு பின்னேரம் நான் குனிந்து சில்லில் கை வைத்தபோது, அன்ரி என் கையைப் பிடித்துத் தடுத்தார். அவருடைய கை குளிர்ந்திருந்தது.

"இண்டைக்குக் கழற்ற வேண்டாம். அவருக்குத் திரும்பப் போகவேணுமாம்."

பிடியை உள்ளங்கையால் அழுத்தி மூடிவிட்டு அறைக்குப் போனேன். காலையில் சைக்கிள் விட்ட இடத்திலேயே நின்றது. அன்ரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார், மகளின் ரெலிபோன் வந்த கதையைச் சொன்னார். அன்றிலிருந்து அவர் சைக்கிள் பக்கம் வரவேயில்லை. நான், அன்றைக்குச் சில்லு போய்ப் படுத்துக் கிடந்த துறைமுகக் கேற்றைக் கடக்கிற றோட்டை விட்டுவிட்டு, சுற்றுப் பாதையால்தான் இப்போது வேலைக்குப் போகிறேன்.