என் நெற்றிக்குக் காவல்

குத்தகை நிலத்தைப் பிடுங்க வந்தவர்கள் தொடையில் வெட்டியதால், தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கிருந்த நர்ஸின் வெள்ளைத் தொப்பிக்குக் கீழே எப்போதும் திருநீறு பளிச்சென்று இருக்கும். யாரை ஆபரேஷனுக்கு அனுப்பினாலும் கண்மூடி முணுமுணுப்பார். நான் கறுப்புச் சட்டைக்காரன். முதல் நாளே சொல்லிவிட்டேன்: "எனக்குத் திருநீறு கிருநீறு பூசிடாதீங்க சிஸ்டர்."

ஆபரேஷன் முடிந்து விழித்ததும் நெற்றியைத் தடவினேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பக்கத்தில் என் மனைவி, நெற்றி நிறையத் திருநீறோடு பொருமிக்கொண்டிருந்தாள்.

"மயக்கத்துலதானே இருக்காரு, ஒரு கீத்து பூசுறேன்னேன். அந்த சிஸ்டர் கையைப் பிடிச்சுட்டாங்க. 'முழிச்சிருக்கும்போது வேண்டாம்னு சொன்னவரும்மா. நீங்க பூசிக்கிட்டு அவருக்காக வேண்டிக்கங்க'ன்னுட்டாங்க."

கம்பு ஊன்றாமல் வார்டு முழுக்க நடந்து காட்டிய அன்று அவரிடமே கேட்டேன். "எனக்காகவும் சாமி கும்பிட்டீங்களா சிஸ்டர்?"

"கும்பிட்டேன். அது என் பாடு. உங்க மேல ஒரு துளி பட்டுச்சா, சொல்லுங்க?"



அந்தத் தையில் அதே வயலில் இரண்டு காலையும் ஊன்றி நின்று நானே அறுத்தேன். முதல் மரக்கால் நெல் கோயிலுக்கு என்பாள் மனைவி, கூடாது என்பேன் நான். வருஷா வருஷம் சண்டை. அந்த வருஷம் சண்டையே இல்லை. இருவருமாக நெல்லைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரைப் பார்க்கத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம்.